ஆண்டை மட்டும் மாற்றினால் போதும்

போன வருஷத்துப் பேனரை
மூன்று நாளாகத் தேடினேன்.
புதிதாக அடிக்க நூற்றுப் பத்து வெள்ளி.
தேர்தல் செலவுக்கு என்னிடம் எழுபது.
பழையதில் ஆண்டை மட்டும் மாற்றினால் போதும்,
கடைசி எண்ணின் மேல் ஒரு ஸ்டிக்கர்.
முகம் அதேதான்.
வாக்குறுதியும் அதேதான் என்பது
அப்போது உறைக்கவில்லை.

கேட்டில் ஜாகா சொன்னார்:
"மூணாவது டிவிஷன் பக்கம் போய்ப் பாரும்மா.
ஆட்டுக்கொட்டகை மேல
ஒரு பொண்ணு சிரிச்சிக்கிட்டு இருக்கு."

சர்மேந்திரனிடம் மோட்டார் இரவல் கேட்க முடியாது.
அன்று எனக்கு முழக்கம் எழுதித் தந்தவன்
இன்று எனக்கு எதிரே நிற்கிறான்.
நடந்தேன்.
லாரி சிந்திய செம்பனைக் குலையில்
எறும்பு மொய்த்துக் கிடந்தது.
பீடோங் முழுக்க ஆலையின் வாடை,
எண்ணெய் வேகும் வாடை.
முதல் செமஸ்டரில் மூக்கைப் பொத்திக்கொண்டவள் நான்.
இப்போது விடுமுறைக்குக் கிள்ளான் போனால்
காற்றில் உப்புப் போடாதது மாதிரி இருக்கிறது.

கூரையில் நான்.
ஆணி இறங்கிய இடம் இடது காது.
'இரவு பத்துக்கும் பேருந்து' என்ற வரியில்
வெயில் தின்றது போக
'இரவு' மட்டும் மிச்சம்.

உரம் போட்டுவிட்டு வந்த சின்னக்கிளி அக்கா
கையுறையைக் கழற்றாமலே கேட்டார்:
"ஜெயிச்சியா?"
ஜெயித்தேன்.
"ஜெயிச்சவ எதுக்கு மறுபடி கேக்கற?"

பதினொரு கடிதம் எழுதினேன், அக்கா.
ஒவ்வொன்றுக்கும் துணைப் பதிவாளர் சொன்னது
"நந்தி கித்தா தெங்கோக்."
பிறகு பார்க்கலாமாம்.
எந்த வாசலில் நின்று பார்த்தாலும்
குறுக்கே அந்த நந்தி.
கடைசியில் ஒரு நிறுத்தம் கட்டினார்கள்.
தகரக் கூரை, நீல பெஞ்சு, குப்பைத்தொட்டி.
பேருந்து மட்டும் வரவில்லை.
மழை நாளில் லொம்போக் ஆட்கள்
அறுவாள் கம்பைச் சாய்த்துவிட்டு
அங்கேதான் நின்று வீட்டுக்குப் பேசுகிறார்கள்.
நேப்பாளி காவலர் பெஞ்சில் தூங்குகிறார்.
என் ஓராண்டு ஆட்சியில்
பயன் பெற்றவர் யாருக்கும் ஓட்டு இல்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேனா,
ஆடுகளிடம் சொன்னேனா தெரியாது.
அவர் வானத்தைப் பார்த்தார்.
"அவுத்துக்க. ஆனா முப்பது வெள்ளி குடு,
மழைக்கு முன்ன வேற கித்தான் வாங்கணும்."

தேர்தல் விதி, ரசீது வேண்டும்.
நோட்டில் தாள் கிழித்து எழுதினேன்:
பழைய முகம் ஒன்று, முப்பது வெள்ளி.
அக்கா வாசித்துவிட்டுச் சிரிக்காமல்
அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

விடுதிக் குளியலறையில் மூன்று முறை கழுவினேன்.
"பாவ் காம்பிங்," என்றாள் ஷின் யீ,
படுக்கையை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு.
ஆட்டு வாடை போகவில்லை.
இன்னும் 'இரவு' மட்டும்தான் இருந்தது.
மார்க்கரால் கீழே எழுதினேன்:
நிறுத்தம் வந்தது. பேருந்து வரவில்லை.
அதற்கு மேல் வரி ஓடவில்லை.
முழக்கம் எனக்கு எப்போதும் வராது.

பெஞ்சின் மேல் ஏறிக்
கயிறோடு நான் மல்லுக்கட்டும்போது
மோட்டார் ஒன்று வந்து நின்றது.
ஹெல்மெட்டைக் கழற்றி
நிதானமாகப் படித்தான் சர்மேந்திரன்.

"இரவு என்னோட வார்த்தை."
"வராத பஸ்ஸும் உன்னோடதுதான்."

மழை பொட்டுப் பொட்டாகத் தகரத்தில் விழுந்தது.
காவலர் காலை மடக்கி இடம் விட்டார்.
அவன் மறுமுனைக் கயிற்றைப் பிடித்தான்,
மூக்கைச் சுளித்தான்,
பின்னால் சாய்ந்து பார்த்தான்.

"உன் பக்கம் இறங்கியிருக்கு,
கொஞ்சம் தூக்கு."